மனம் கலங்காமல்

"கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்ற வார்த்தையைக் கேட்காமல் நம்மில் எவரும் வளர்ந்திருக்க முடியாது. பூண்டுலோயாத் தோட்டங்களில் சமூகப் பணி செய்யும் எனக்கு அது லயத்துக்கு லயம் காதில் விழுகிறது. குடித்துவிட்டு வரும் புருஷனைப் பொறுத்துக்கொள். கொழுந்து நிறுக்கும்போது கழித்துவிடும் கிலோவைப் பொறுத்துக்கொள். பொறுத்துக்கொண்டவள் அமைதியானவள் என்று ஊர் நினைக்கிறது. வாய் மூடியிருக்கலாம், உள்ளே மனம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கொதிப்பு கடைசியில் பிள்ளையின் முதுகில் போய் விழுவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன்.

திருக்குறளில் 'பொறையுடைமை' இல்லறவியலில் இருக்கிறது. துன்பத்தில் மனம் உடையாதிருப்பதைச் சொல்லும் 'இடுக்கணழியாமை' 63ஆவது அதிகாரம். அது வருவதோ பொருட்பாலில், அரசியல் பகுதியின் கடைசியில். அதாவது நாட்டை ஆள்பவனுக்குச் சொன்ன பாடம். பெண்பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் மனப்பாடமாக்கிவிட்டு, இரண்டாவதை அரசனிடமே விட்டுவிட்டார்கள். வருமானமும் துணையும் இல்லாமல் ஒரு வீட்டை நடத்துவது என்ன, ஆட்சியில் குறைந்ததா?

இங்கே கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நிறுவை இடத்தில் சத்தம் போடுவதே இல்லை. பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அன்றைய கிலோவைப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வைப்பார். மாத முடிவில் சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கணக்கு இடித்தால், கூட மலைக்குப் போகும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போவார். "கோபம் வராதா அக்கா?" என்று கேட்டேன். "வரும் மிஸ். கொப்பியில எழுதிப் போட்டா ராவைக்குத் தூக்கம் வருது" என்றார்.

மன அமைதி முழுவதும் மனதுக்குள்ளேயே இருக்கிறது என்பதை நான் ஏற்பதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த எங்கள் சமூகத்தில், மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, அங்கே 2009 வரை யுத்தத்தில் அகப்பட்டன. இதை வாசிக்கும் உங்களில் சிலரின் பாட்டி இந்த மலைகளில் கூடை சுமந்தவராகவும் இருக்கலாம். அப்படி விரட்டப்பட்டவர்களிடம் "மனதை அடக்கு" என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. 2018 ஆகஸ்ட் 12இல் பக்கத்து டன்சினன் தோட்டத்தில் 'மகாத்மா காந்திபுரம்' என்ற பெயரில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. சொந்தக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கக் கிடைப்பதும் மனதுக்கு மருந்துதான்.

ஆனால் வீடு கிடைத்தாலும் ஆறாத இழப்பு உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் அமர்ந்தார்கள். பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்மாரும் உண்டு. "மறந்துவிடுங்கள், மனம் ஆறும்" என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இந்த இழப்பைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இதற்கு ஒரு முடிவு தேடச் சொல்லி அந்தப் பெண்ணை நெருக்கக் கூடாது என்கிறார் அவர். வருவான், வராமலும் போகலாம் என்ற இரண்டு நினைவையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு வாழப் பழக முடியுமாம். படித்தபோது நம்ப முடியவில்லை. பிறகு எங்கள் மாதர் குழுவுக்கு ஓர் அம்மா வந்தார். யுத்தத்துக்குப் பின் கிளிநொச்சியிலிருந்து தங்கையின் லயத்துக்கு வந்து சேர்ந்தவர். மூத்த மகன் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஒவ்வொரு வருடமும் அவனுடைய பிறந்த நாளுக்குப் பாயாசம் காய்ச்சி, ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பார். குழுவில் யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. அழுதால் பக்கத்தில் இருப்போம். இந்த வருடமும் காய்ச்சினார். மறுநாள் காலை இளைய மகளின் அடையாள அட்டை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, முதல் ஆளாகக் கிராம சேவகர் வாசலில் நின்றார்.