எழுதப்படாத மைதானம்

மார்ச் மாதம் பிறந்ததும் யாழ்ப்பாண நகரம் தன் இயல்பான அடக்கத்தைச் சில நாட்களுக்கு ஒத்திவைத்து விடுகிறது. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய கிரிக்கெற் போட்டியை இங்குள்ள பத்திரிகைகள் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்றே எழுதுகின்றன. மெய்யான சமரைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ட மண்ணில் ஒரு விளையாட்டுக்கு இந்தப் பெயர் வேண்டுமா என்று கேட்பாரில்லை, பழகிப் போய்விட்டது. கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையிலுள்ள மைதானத்தை நோக்கி இளைஞர்கள் கொடிகளோடும் வாத்தியங்களோடும் திரள்கிறார்கள். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் விமானமேறி வருகிறார்கள். தம் பேரன் வயதுப் பையன்களோடு கைகோத்து ஆடும் நரைத்த தலைகளைக் காணும்போது, இதைவிடப் பெரிய ஜனரஞ்சகக் கலை நம்மிடம் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கோயில் திருவிழாவை வேண்டுமானால் சொல்லலாம்.

இத்தகைய விளையாட்டு நம் எழுத்திலே எவ்வளவு பதிந்திருக்கிறது? என் அலுமாரியில் இருப்பவை போட்டி நினைவு மலர்கள் மாத்திரமே. அதிபரின் ஆசியுரை, வர்த்தகர்களின் விளம்பரம், அணித் தலைவர்களின் புகைப்படம், ஓட்ட எண்ணிக்கைகள். ஆண்டுதோறும் இதே வரிசை. ஆடியவனின் மனமோ, ஆடக் கிடைக்காதவனின் மனமோ அந்தப் பளபளப்பான தாள்களில் எட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்கர் தம் பேஸ்போலை இப்படி விட்டுவைக்கவில்லை. பேர்னார்ட் மலமூட் 1952இல் எழுதிய ‘த நச்சுரல்’ தொடங்கி அந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு தனி இலக்கியமே வளர்ந்திருக்கிறது, திரைப்படங்களுக்கோ கணக்கில்லை. போர் முடிந்த பின்னர் கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் 1989இல் வெளிவந்த ‘ஃபீல்ட் ஒஃப் ட்ரீம்ஸ்’ என்ற படத்தைப் பார்த்தேன். விவசாயி ஒருவன் தன் சோளக் கொல்லையை அழித்து மைதானம் அமைக்க, இறந்துபோன ஆட்டக்காரர்கள் சோளப் பயிருக்குள்ளிருந்து வெளிப்பட்டு விளையாடுகிறார்கள். இறந்த தந்தையோடு மகன் பந்தெறிந்து பிடிக்கும் காட்சியில் என் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானுந்தான். ஆயினும் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி எழுந்தது. சோளத்துக்குள்ளிருந்து வந்த அத்தனை ஆவிகளிலும் ஒரு கறுப்பன் இல்லையே, ஏன்?

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. பெரிய பேஸ்போல் கழகங்கள் அறுபது ஆண்டுகளாகக் கறுப்பரைச் சேர்க்கவில்லை; அவர்கள் தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்தே ஆடினர். 1947 ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக ஜக்கி றொபின்சன் களமிறங்கியதோடு அந்தத் தடை உடைந்தது. 1950இல் அவர் தாமே தம் பாத்திரத்தை ஏற்று நடித்த படமும், 2013இல் வந்த ‘42’ என்ற படமும் இதைச் சொல்கின்றன. இரண்டிலும் கழக முதல்வர் பிராஞ்ச் றிக்கியின் துணிவுக்குத் தாராளமான இடம் உண்டு. அவர் துணிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘டெய்லி வேர்க்கர்’ என்ற கம்யூனிஸ்ட் நாளேட்டின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லெஸ்ற்றர் றொட்னி 1936 முதலே இந்த அநீதியை இடைவிடாது எழுதி வந்தார். அவருடைய தோழர்கள் வீதியில் நின்று கையொப்பம் திரட்டினார்கள். கறுப்பர் பத்திரிகைகளும் ஓயவில்லை. மக்கள் போராடிப் பெற்றதை ஒரு புரவலரின் கொடையாக மாற்றிக் காட்டுவதில் ஜனரஞ்சகக் கலைக்கு எங்கும் கைதேர்ச்சி உண்டு. கறுப்பர் கழகங்களின் ஈடிணையற்ற அடிகாரராகப் பெயர்பெற்ற ஜொஷ் கிப்சன் அதே ஆண்டு ஜனவரியில், தம் 35ஆவது வயதில் இறந்தார். கதவு திறக்க மூன்று மாதங்கூட இருக்கவில்லை.

கிரிக்கெற்றுக்கு இத்தகைய ஒரு நூலைத் தந்தவர் ட்ரினிடாட்டில் பிறந்த மார்க்சியவாதி சி. எல். ஆர். ஜேம்ஸ். 1963இல் வெளிவந்த அவருடைய ‘பியோண்ட் எ பவுண்டரி’யை நம் ஆசிரியர் கலாசாலைகளில் பாடநூலாக வைக்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம். அவருடைய இளமைக்காலத்தில் அத்தீவின் கழகங்கள் தோலின் நிறத்துக்கேற்பப் பிரிந்திருந்தன. எந்தக் கழகத்தில் சேர்வது என்ற கேள்வி, சமுதாயத்தில் எங்கே நிற்பது என்ற கேள்வியாகவே அவர் முன் நின்றது. பிற்காலத்தில் பத்திரிகையாசிரியராக இருந்து, மேற்கிந்திய அணிக்குப் பிராங் வொறல் தலைவராக வேண்டுமென்று அவர் வாதாடினார். 1960இல் அது நிறைவேறியது. அந்நூலைப் படித்தபோது, கழகம் என்று அவர் எழுதிய இடங்களிலெல்லாம் கல்லூரி என்றும், நிறம் என்று எழுதிய இடங்களிலெல்லாம் சாதி என்றும் என் மனம் தானாகவே மாற்றி வாசித்துக்கொண்டு போயிற்று.

ஏனெனில் குடாநாட்டில் மைதானங்களுக்கும் சாதி வர்க்க எல்லைகள் உண்டு. மிஷனரிக் கல்லூரிகளோடு வந்தது கிரிக்கெற். குருநகர், பாசையூர் போன்ற கரையோரக் கிராமங்களில் உதைபந்தாட்டம் வேரூன்றியது, உட்கிராமங்களில் கரப்பந்தாட்டம். ஒரு பந்தும் ஒரு வலையும் போதும் என்பது அதன் பொருளாதாரம். கிரிக்கெற்றுக்கோ வெள்ளை உடுப்பும், சப்பாத்தும், காப்புறைகளும், உருளை இழுத்துச் செப்பனிட்ட தரையும் வேண்டும். அவற்றையெல்லாம் கடந்தாலும் இன்னொரு வாசல் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு பையன் இருந்தான். தென்னம் மட்டையும் ரெனிஸ் பந்துமாக நாங்கள் ஆடிய ஒழுங்கையில் அவனுடைய பந்தைக் கண்ணால் காண்பதே அரிது. பெரிய கல்லூரி ஒன்றின் பயிற்றுநர் அவனைக் கண்டு வியந்து, அடுத்த கிழமை வந்து பார்க்கும்படி சொல்லிச் சென்றார். இரவல் சப்பாத்தோடு அவன் போனான். துணைக்கு நானும் போனேன். மைதான ஓரத்தில் கதிரையிலிருந்த பெரியவர் ஒருவர் அவன் பந்து வீசுவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு அருகே அழைத்தார். “தம்பி, நீர் ஆற்றை பொடியன்?” என்றார். அவன் தகப்பன் பெயரைச் சொன்னான். “ஊரிலை எந்தப் பகுதி?” அதையும் சொன்னான். பெரியவர் மிக மரியாதையாகத்தான், “சரி, அறிவிக்கிறம், போட்டு வாரும்” என்றார். அறிவித்தல் வரவில்லை. அவன் இப்பொழுது பாரிஸ் நகரில் ஓர் உணவுச்சாலையின் சமையற்கட்டில் வேலை செய்கிறான்.

இந்தியாவிலே பல்வங்கர் பாலு என்றொரு தலித் சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். 1911இல் இங்கிலாந்து சென்ற அணியில் நூறு விக்கெற்றுகளுக்கு மேல் வீழ்த்தியவர். பூனாவில் உயர்சாதியினர் அவரோடு ஒரே பந்தைத் தொட்டு ஆடினர்; தேநீர் வேளையிலோ அவருக்கு மண்டபத்துக்கு வெளியே, வீசியெறியும் மண் குவளை. இராமச்சந்திர குகாவின் நூலில் இதனைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் நம் தேநீர்க் கடைகளின் போத்தல் நினைவுக்கு வராமற் போகாது. அந்தப் போத்தலை நம் முற்போக்கு எழுத்தாளர்கள் எழுதினார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்ததும், அது ஏட்டளவில் நின்றதும், அறுபதுகளின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் மக்கள் நிமிர்ந்து நின்றதும் நம் இலக்கியத்தின் பெருமைமிக்க பக்கங்கள். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது. கிணற்றடி, கடைவாசல், கோயில் வீதி எல்லாம் எழுதப்பட்டன. மைதானத்தின் வாசல் மட்டும் விடுபட்டுப் போயிற்று. குடிக்கத் தண்ணீருக்குப் போராடியவர்களிடம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பொழுதுபோக்கைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பது நியாயமாகாது. ஆனால் அவர்கள் விட்ட இடத்தைப் பழைய மாணவர் சங்கங்கள் நிரப்பிக்கொண்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதப்படாதது சாதிக் கதை மட்டுமன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது நாங்கள் தென்மராட்சியில் ஒரு வளவில் ஒதுங்கினோம். அந்த மார்கழியில் மெல்பேர்ணில் முரளிதரனின் பந்தை நடுவர் ஒருவர் ஏழு தடவை முறையற்றதென அறிவித்த செய்தி, கிடுகுக் கொட்டில்களுக்கிடையே எப்படியோ வந்து சேர்ந்தது. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவர்கள் அவருடைய முழங்கையைப் பற்றி விவாதித்தார்கள். 1996 மார்ச் 17 இரவு உலகக் கிண்ண இறுதியாட்டம். மின்சாரமில்லை, பொருளாதாரத் தடையால் மின்கலமும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவை வானொலியோடு இணைத்து, ஆள்மாறி ஆள் மிதியைக் கையால் சுற்றினோம். கை தளர்ந்தால் இலாகூர் மைதானத்தின் ஆரவாரமும் தளர்ந்து முனகும். “உழக்கடா, உழக்கடா” என்று இருட்டிலிருந்து குரல்கள் எழும். அரவிந்த டி சில்வா நூறைத் தாண்டியபோது கைதட்டுவதா வேண்டாமா என்று ஒரு கணம் எல்லோரும் தயங்கியது இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் வீடுகளிருந்த பக்கம் இராணுவத்தின் வசமாகி மூன்று மாதங்களுக்கு மேலாகியிருந்தது. பிறகு கைதட்டினோம். பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஓர் ஆச்சி கேட்டார்:

“ஆரடா தம்பியவை வெண்டது?”

“எங்கட ஆக்கள், ஆச்சி.”

“எங்கட ஆக்களெண்டால் ஆரடா?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. டைனமோவும் நின்றுவிட்டது.

ஆச்சியின் கேள்வி பொல்லாதது. முரளிதரன் கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவரின் பேரன். 1948, 49ஆம் ஆண்டுகளில் அம்மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட வேளையில் யாழ்ப்பாணத் தலைமை ஒன்றுபட்டு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. பந்து சுழன்றதும் அவர் நம்மவரானார். அவருடைய அரசியல் பேச்சுக்கள் பிடிக்காதபோது பிறத்தியாரானார். அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்திலிருந்து 2020இல் விஜய் சேதுபதி எதிர்ப்புக் காரணமாக விலகினார். வேறொருவர் நடித்து 2023இல் அது வெளிவந்தபோது இந்தச் சிக்கல்களையெல்லாம் அவசரமாகத் தாண்டி ஓடிவிட்டது. இத்தீவின் கிரிக்கெற்றைப் பற்றிய பெரு நாவலான ‘சைனாமேன்’, மறக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பந்து வீச்சாளனைத் தேடிச் செல்லும் கதை. அதனை ஆங்கிலத்தில் எழுதியவர் செஹான் கருணாதிலக்க என்ற சிங்கள எழுத்தாளர். தமிழகத் திரையுலகம்கூட 2014இல் ‘ஜீவா’விலும் 2024இல் ‘லப்பர் பந்து’விலும் கிரிக்கெற்றுக்குள் சாதியைப் பேசத் தொடங்கிவிட்டது. பின்னதில் சற்று இனிப்புக் கூடுதலெனினும் மைதான வாசலில் நின்று பேசுகிறது.

நமக்கோ இப்போது வேறு வேடிக்கைகள். 2020இல் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய தொழில்முறை அணி கிண்ணம் வென்றது; அவ்வாண்டின் ஆட்டங்கள் அனைத்தும் அம்பாந்தோட்டையில் நடந்தன. மத்திய கல்லூரி மாணவன் வியாஸ்காந்த் அந்த அணியில் ஆடி, 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். வரை சென்றது மாத்திரம் மெய்யான மகிழ்ச்சி. 

சென்ற வருடம் என் வகுப்பில் ‘நான் கண்ட பெருஞ்சமர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் நினைவு மலர் நடையிலே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி போட்டியைக் கண்டதேயில்லை. மதிலுக்கு வெளியே கச்சான் விற்கும் தன் பாட்டனைப் பற்றி எழுதியிருந்தாள். கச்சான் சுருள் என்ன விலை, முதல் நாள் எத்தனை சுருள் போகும், மழை வந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் அதில் இருந்தன. மதிலுக்கப்பால் எழும் கூச்சலைக் கேட்டே விக்கெற்றா நான்கு ஓட்டமா என்று அவர் சொல்லிவிடுவாராம். ஒன்றரைப் பக்கத்தோடு நின்றிருந்தது. மிகுதியையும் எழுதும்படி சொன்னேன். “அப்பப்பா கிளிநொச்சிக்கு மாமி வீட்டை போட்டார், சேர். வந்தாப்பிறகு கேட்டு எழுதுறன்” என்றாள்.