கோட்டையும் குடிகளும்

ஹட்டனிலே மழை பிடித்துவிட்டால் எளிதில் விடுவதில்லை. பல்கலைக்கழக விடுமுறைக்குத் தோட்டத்துக்குத் திரும்பிய கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு, லயத்தின் தகரக் கூரைமேல் மழை இரையும் இரவுகளில் துணையாவது ஒரு பழைய மடிக்கணினியும் அதிலே அவன் கட்டியெழுப்பும் கோட்டையுமே. அவ்விளையாட்டின் பெயர் 'ஸ்ட்ரோங்ஹோல்ட்'. பயர்பிளை ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய அது 2001இல் வெளிவந்தது. அவன் பிறக்குமுன்னே வந்த விளையாட்டு என்று நண்பர் நகைப்பதுண்டு. அவன் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

சதுரங்கத்தைப் போல மாறி மாறிக் காய் நகர்த்தும் ஆட்டமன்று இது. ஆடுபவன் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே பகைவன் வந்துகொண்டிருப்பான். ஆயினும் இதன் சுவை போரிலே இல்லை என்பது அவன் கட்சி. கல் வெட்டும் குழியிலிருந்து மாடு கல்லைச் சுமந்து வரவேண்டும். கோதுமை விளைந்து, ஆலையில் மாவாகி, அடுப்பில் ரொட்டியாகிக் களஞ்சியம் சேரவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் மதில் பாதியில் நிற்கும். நடுநிசியில் மதிற்பணி நிறைவுற்று வில்லாளர் மேலேறி நிற்கும் காட்சியைக் காண்கையில் அவனுக்குண்டாகும் மகிழ்ச்சி சிறிதன்று. புறப்பொருள் வெண்பாமாலையை இருமுறை படித்தும் பிடிபடாத உழிஞை, நொச்சி வேறுபாடு, 'ஓநாய்' என்னும் பெயருடைய பகைவன் மதிலை வளைத்த ஓரிரவில் அவனுக்குத் தெளிவாயிற்று! விரிவுரையாளர் இதனை மன்னிப்பாராக.

மலைநாட்டில் இத்தகைய கோட்டைகள் எழவில்லை. கண்டி அரசுக்கு மலையும் காடும் கணவாய்களில் வைத்த முட்கதவுகளுமே அரணாயிருந்தன. 1681இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூல் அக்கதவுகளைப் பற்றிப் பேசுகின்றது. ஆனால் மேட்டிலே தலைவனின் மாளிகை, கீழே குடிகளின் சிறு குடில்கள், நடுவே களஞ்சியம் என விரியும் அக்கணினித் திரை, பங்களாவும் லயமும் ஸ்டோருமாகப் பரந்த தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு எவ்வாறு அந்நியமாகும்?

அவ்விளையாட்டில் தலைவனின் செல்வாக்கு ஓர் எண்ணாகவே காட்டப்படும். வரியை உயர்த்தினால் அது இறங்கும். உணவை இரட்டித்தால் ஏறும். தூக்குமரம் நட்டால் குடிகள் அஞ்சி விரைந்து வேலை செய்வர். பூங்கா அமைத்தால் மகிழ்வர், ஆனால் வேலை மந்தமாகும். செல்வாக்கு ஐம்பதுக்குக் கீழே சென்றால் குடிகள் ஒவ்வொருவராய்க் கோட்டையைவிட்டு வெளியேறுவர்.

ஓரிரவு கல் வாங்கப் பொன் போதாமல், அவன் வரியை ஏற்றி உணவைப் பாதியாக்கினான். கொழுந்தெடுத்துக் களைத்த தாய் தேநீருடன் வந்து அருகமர்ந்து திரையை நோக்கினாள். அன்று கொழுந்து நிறை குறைந்ததென அவளுக்கு அரைப்பேரே போடப்பட்டிருந்தது. அதை அவன் அறிந்திருந்தான்.

"ஏன்டா தம்பி, அந்தச் சனமெல்லாம் எங்க போவுது?"

"அரைச் சாப்பாடும்மா. புடிக்கலேன்னா கோட்டைய விட்டுப் போயிடுவாங்க."

அவள் சற்று நேரம் பார்த்திருந்தாள். "அவங்களுக்குப் போக எடமிருக்கு போல" என்று சொல்லி எழுந்து சென்றாள்.

அவள் ஏளனமாகச் சொல்லவில்லை; வியந்துதான் சொன்னாள். 1948இல் குடியுரிமை இழந்த மக்களின் வழிவந்தவள் அவள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதியபோது, போவார் யார் இருப்பார் யார் என்பது அரசுகளின் கணக்காயிற்று. அவளுடைய தாய்மாமன் குடும்பம் அக்கணக்கிலே தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. அங்கும் தேயிலைதான். எஞ்சியோர் அதே லயத்தில் எஞ்சினர்.

அவன் நெடுநேரம் விசைகளைத் தொடவில்லை. அதற்குள் ஓநாயின் படை வந்துவிட்டது. ஆளில்லாத மதில் விரைவிலே வீழ்ந்தது.

மறுநாளிரவும் மழை ஓயவில்லை. அவன் புதிதாய் ஒரு கோட்டை தொடங்கினான். மதிலுக்கு முன்னே மூன்று கோதுமை வயல்களும் ஓர் ஆலையும் எழுந்தன. உணவு இரட்டிப்பாயிற்று, கல் வருவதற்குத் தாமதமாயிற்று. பகைவன் வந்து வயல்களுக்குத் தீ மூட்டுகையில் மதில் இடுப்பளவே நின்றது. அடுத்த அறையிலே தாய், விடியப் பிரட்டுக்குப் போகவேண்டும், விளக்கை அணையடா என்று குரல் கொடுத்தாள். அவன் விளக்கை அணைத்தான். திரையை அணைக்கவில்லை.