கழுவிப் போட்ட கார்பன்

கர்நாடகாவின் சந்தாபுராவில் ஆர்.ஓ. மெஷின் விற்றும் சர்வீஸ் செய்தும் பிழைத்தவன் நான். இரண்டிலும் ஏமாற்றியிருக்கிறேன்.

விற்பதற்கு ஒரு வித்தை இருந்தது. ஒரு தம்ளரில் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பி விட்டு கரண்ட் கொடுப்பேன். போர் தண்ணீர் செங்கல் நிறத்தில் குழம்பும், மற்றது தெளிவாக நிற்கும். "இதையா அக்கா குழந்தைக்குக் கொடுக்கறீங்க?" என்பேன். குழம்பியது என் இரும்புக் கம்பியின் துரு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாய்ந்து கம்பி அரிக்கும். உப்பு நீக்கியதில் பாயாது. தெரிந்தேதான் செய்தேன்.

டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பைத்தான் காட்டும். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்து ஊரில் பயப்பட வேண்டியது கரைப்பான், பினால் போன்ற கரிமப் பொருள்களுக்கு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டி.டி.எஸ். ஏற்கிறது, பினால் வகைக்கோ 0.001 மில்லிகிராம்தான். அதை மீட்டர் எங்கே காட்டப்போகிறது?

சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரைக் காட்டியும் மெஷின் விற்றேன்.

பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் ஆவியாகும் கரைப்பானைக் காற்றடித்து விரட்டலாம், மற்றதை ஓசோனால் சிதைக்கலாம், மிச்சத்தைக் கரிப்படுகையில் பிடிக்கலாம். வீட்டு மெஷினிலோ, உப்பை நீக்கும் மெம்பரேனையும் தாண்டக்கூடிய சின்ன மூலக்கூறுகளைப் பிடிக்கப் பெரும்பாலும் கார்பன் கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான் துணை. உள்ளே இருப்பது பெரும்பாலும் கொட்டாங்குச்சிக் கரி. அதன் நுண்துளைகளில் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். துளை நிரம்பிவிட்டால் வந்தது வந்தபடியே போகும்.

நான் கை வைத்தது அதில்தான். கழற்றி, குழாயடியில் தட்டிக் கழுவி, மேலே துடைத்து, அதையே மாட்டிவிட்டுப் புதுசு என்று பில் போட்டேன். துளைக்குள் ஒட்டியது கழுவினால் போகாது. மெம்பரேன் கெட்டால் தண்ணீர் உப்புக் கரிக்கும், உடனே போன் வரும். கார்பன் தீர்ந்தால் பெரும்பாலும் நாக்குக்கும் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது. அதனால்தான் மெம்பரேனை ஒழுங்காக மாற்றினேன், கார்பனை விட்டேன். கம்பெனி டார்கெட், வாடகை என்று காரணம் சொல்லலாம். ஆனால் என் வீட்டு மெஷினுக்கு மட்டும் தவறாமல் புது கார்பன் போட்டேனே!

நீங்கள் ஒன்று செய்யுங்கள். கழற்றிய பழைய கார்ட்ரிட்ஜை உங்களிடமே விட்டுப்போகச் சொல்லுங்கள். நான் யாரிடமும் விட்டதில்லை. பழசுதான் மறுபடி மெஷினுக்குள் போய்விட்டதே.