சட்டைப் பையில் பியூஸ் கட்டை

அண்ணாச்சி ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். பாட்டுக் கேட்பதற்காக அல்ல. பக்கத்து வீட்டு அக்கா இஸ்திரிப் பெட்டி செருகும் பிளக் பாயிண்ட் கருகிப்போயிருந்தது. அதே சுவிட்ச் போர்டில் இருந்த இன்னொரு பாயிண்டில் தம் வீட்டுப் பழைய ரேடியோவைச் செருகிச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். பிறகு வாசல் சுவரில் கையை ஓட்டிக்கொண்டே போய், வரிசையில் இரண்டாவதாக இருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். ரேடியோ நின்றது. கட்டையைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிக்கொண்டார்.

"இது எம் பையில கெடக்கிற வரைக்கும் எவனும் போயி மாட்டிர முடியாதுல்லா," என்றார்.

பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது அவர் வீடு. வயது ஐம்பத்தெட்டு. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அந்த ஊரின் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பும் வயரும் பின்னி, அந்த வருமானத்தில் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். நாற்காலிப் பின்னலைப் பற்றி எழுதத்தான் நான் போனேன். போன இடத்தில் அவர் பாதிப் பின்னலை அப்படியே போட்டுவிட்டு, "வாங்க தம்பி, ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டு வந்திருவோம்" என்று திருப்புளிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பைக்குப் பின்னால் மூன்று நாள் அலைந்தேன்.

ரேடியோ நின்றதும் கையை வைத்துவிடவில்லை. அவரிடம் சத்தம் போடும் டெஸ்டர் ஒன்று இருக்கிறது. மின்சாரம் உள்ள வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று கத்தும். முதலில் அதைக் கரண்டு இருப்பது உறுதியான இன்னொரு அறையின் பாயிண்டில் வைத்துக் கத்துகிறதா என்று கேட்டார். கத்தியது. அப்புறம்தான் இங்கே கொண்டுவந்தார். கத்தவில்லை. கத்தாத டெஸ்டர் செத்த டெஸ்டராகவும் இருக்கலாம் அல்லவா? வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வியும் இந்த வகைதான்: "இன்வெர்ட்டர் இருக்கா தாயீ?" இருந்தால் பியூசைப் பிடுங்கினாலும் வேறு வழியாகக் கரண்டு வரும்.

இவ்வளவு கவனமும் ஒரு காயத்தால் வந்தது. பல வருடங்களுக்கு முன்பு இதேபோல ரேடியோ நின்றிருக்கிறது. பிடுங்கிய பியூசால்தான் நின்றது என்று அவர் நம்பிவிட்டார். அவர் பிடுங்கியதோ வேறு லைனின் கட்டை. ரேடியோவை நிறுத்தியது அதே நேரத்தில் ஊருக்கே வந்த கரண்டு கட். வயரைச் சீவிக்கொண்டிருந்தபோது கரண்டு வந்துவிட்டது. இடது ஆள்காட்டி விரலின் நுனி கருகிப்போனது. அவர் பிரெய்ல் படிக்கும் விரல் அது. புண் ஆறித் தோல் பழையபடி ஆகும்வரை ஒரு வரி படிக்க முடியவில்லை என்று சொன்னபோது, அவர் குரல் அதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. ரேடியோவோடு டெஸ்டரும் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இதைத் தமக்குத் தெரிந்த பார்வையற்றவர்கள் எல்லாரிடமும் ஒன்றுவிடாமல் சொல்லிவைத்திருக்கிறார்.

"கண்ணு தெரியாதவரு கரண்டுல கை வைக்கலாமான்னு கேக்காங்க," என்றார் போர்டைக் கழற்றியபடி. "கண்ணு தெரிஞ்சவன் மட்டும் கரண்டக் கண்ணால பாத்திருக்கானா தம்பி?"

புதுப் பாயிண்டை மாட்டியதும் இஸ்திரிப் பெட்டியின் வயரையும் மாற்றினார். அங்கே என்னிடம் உதவி கேட்டார்: மூன்று வயரில் எது என்ன நிறம்? நானும் நிறத்தைச் சொன்னேன், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சூடு பட்டுப் பட்டு ஒன்று பழுப்பா சிவப்பா என்றே தெரியாமல் இருந்தது. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. இருநூறு ரூபாய் மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பெட்டியின் அடித்தகட்டில் வைத்து, மறுமுனையால் மூன்று வயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்றில் பீப் என்றது. எர்த் வயர் பெட்டியின் உலோக உடம்போடு சேர்ந்திருக்கும், ஆகவே அதுதான் கத்தும். அதில் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தார். பிளக்கில் எர்த்துக்கான பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் கூட. விரலுக்கு உடனே தெரியும். அந்தப் பின்னுக்கான துளை மேலே இருக்கும்படி பாயிண்டை எதிரே வைத்தால் வலது கைப் பக்கம் பேஸ், இடது கைப் பக்கம் நியூட்ரல். மீட்டரின் திருகு எந்த இடத்தில் நின்றால் பீப் சத்தம் வரும் என்பதற்கு எம்-சீலில் மிளகளவு ஒரு பொட்டு ஒட்டியிருந்தார்.

நிறம் சொல்லும் செயலி அவர் போனில் உண்டு. வெளிச்சம் மாறினால் அது சொல்லும் நிறமும் மாறுகிறது என்பதால் சட்டை எடுப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறார்.

மூன்று நாளும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது பேச்சைப் பற்றிய யோசனைதான். ஒரு பழுதைச் சரிசெய்ய நாம் எப்படி யோசனை சொல்கிறோம்? "அந்தச் சிவப்பு வயரைக் கழற்றுங்க", "இதோ இங்க ஒண்ணு இருக்கு பாருங்க", "இதை அப்படியே இந்தப் பக்கம் திருப்புங்க." கையை நீட்டிக் காட்டுகிறோம், வாய்ச்சொல் அந்தக் கையைச் சார்ந்தே நிற்கிறது. பெட்டிக்குள் வரும் செய்முறைத் தாளில் படங்களும் அம்புக்குறிகளும்தான். அண்ணாச்சியும் அவருடைய நண்பர்களும் பேசுவது வேறு. "மூணு மணிப் பக்கம் ஒரு ஸ்க்ரூ, அதுலேர்ந்து ரெண்டு விரக்கடை கீழ நகம் மாட்டுற மாதிரி ஒரு வெட்டு. அதுல நகத்தக் குடுத்து உங்க நெஞ்சுப் பக்கமா இழுங்க. டக்குன்னு கேக்கும். கேக்கலேன்னா இன்னும் கழறல." எந்த இடம், எவ்வளவு தூரம், எந்தத் திசை, சரியாக முடிந்ததற்கு என்ன அடையாளம் என்று நான்கும் அதில் இருக்கின்றன. விரற்கடை, சாண், முழம் என்ற அளவுகளைப் பள்ளிப் புத்தகத்தில் அருஞ்சொற்பொருளாகப் படித்தவன் நான். அவை நாள்தோறும் வேலை செய்வதை இங்கேதான் கேட்டேன்.

இந்தப் பழக்கத்தின் வேர் நாற்காலியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள். முதலில் நெடுக்கு, அதன்மேல் குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, கடைசியாக மூலைக்கு மூலை இரண்டு ஓட்டம். எந்த இழை எதற்கு மேலே போனது, எதற்குக் கீழே போனது என்பதை விரல் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு துளை தவறினால் பத்து வரி தள்ளித்தான் அது தெரியும். பத்தையும் பிரிக்க வேண்டும். இழுப்பு சரியா என்பதைச் சுண்டிக் கேட்கிறார். தளர்ந்த இழை மந்தமாகப் பேசும், சரியான இழுப்பு கணீரென்றிருக்கும். நாற்பது வருடம் இப்படிச் செய்தவருக்கு ஒரு மிக்சியைப் பிரித்துக் கழற்றிய வரிசையிலேயே பாகங்களை மணைப்பலகையில் இடமிருந்து வலமாக அடுக்குவது புது வித்தையல்ல.

அவருடைய அளவுகோலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆறு எம்.எம். மரைக்கம்பி ஒரு முழ நீளம், அதில் ஒரு நட்டு. அவ்வளவுதான். வழக்கமான ஆறு எம்.எம். கம்பியில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி சரியாக ஒரு மில்லிமீட்டர். நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் நகரும். நட்டுக்கு ஆறு முகம். ஒரு முகம் திருப்பினால் ஆறில் ஒரு பங்கு. பத்து மில்லிமீட்டருக்கு ஒரு இடத்தில் அரத்தால் சின்னக் கீறல் போட்டிருக்கிறார், நகத்தால் எண்ணிக்கொள்ள. அந்தக் கம்பியை வைத்து அவர் அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டியதைப் பார்த்தேன். கண்ணால் டேப்பை வைத்து அளக்கிற நான் அரை மில்லிமீட்டர் போனால் போகட்டும் என்று விடுவேன். அவர் விடுவதில்லை.

மருமகனின் கார் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேட்டரி மாற்ற வேண்டும். முன்பு ஒரு கடையில் புதுப் பேட்டரிக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழையதையே துடைத்து மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த வேலை மாமனாருடையது. பிளஸ், மைனஸ் குறிகளின்மேல் தூசியும் உப்பும் படிந்திருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. கார் பேட்டரியின் பிளஸ் முனை மைனஸ் முனையைவிட ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பருமன். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். எத்தனையோ வருடமாகக் கார் ஓட்டும் எனக்கு அது தெரியாது. மைனஸை முதலில் கழற்றினார். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டுவிட்டாலும் பொறி பறக்காது என்பதற்காக. மாட்டும்போது மைனஸ் கடைசி. அதோடு சக்கர நட்டுகளையும் ஒருமுறை எதிரெதிராக முறுக்கினார்; டார்க் ஸ்பேனர் போதுமான இறுக்கம் வந்ததும் டக்கென்று சொல்லிவிடும். அந்தக் கருவி கண்ணை நம்பி இல்லை, காதையும் கையையும் நம்பி இருக்கிறது.

வேலைக்கு நடுவே ரால்ஃப் டீட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணாச்சிக்கு அவர் பெயர் ரொம்பப் பிரியம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்காரர், ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். முதல் உலகப் போர்க்காலத்தில் போர்க்கப்பல்களின் டர்பைன் சுழலிகளைச் சமநிலைப்படுத்த வழி கண்டவர். மிக நுண்ணிய அதிர்வையும் உணரும் அவர் விரல்களுக்கு அதில் பங்குண்டு. 1936-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே கார் ஒரே வேகத்தில் ஓட உதவும் குரூஸ் கன்ட்ரோலுக்கு 1950-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. "கார ஓட்டவே முடியாதவரு கண்டுபிடிச்சதத்தான் காரு ஓட்டுறவனெல்லாம் அமுக்குதான்," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பானெட்டை இறக்கினார்.

எதையும் செய்வேன் என்று கிளம்புகிறவர் அல்ல அவர். மின்கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் லைனைத் தொடமாட்டார். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கமாட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும். கேஸ் ரெகுலேட்டரைப் பிரிக்கமாட்டார். சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கையால் தடவுகிறார்; எந்த இடத்தில் சில்லென்று மாறுகிறதோ அதுவரை கேஸ் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. அவர் மகள் வாங்கித் தந்த புது அடுப்பில் பட்டனே இல்லை, வழவழப்பான கண்ணாடி மட்டும். எங்கே தொட்டால் சூடு கூடும், எங்கே குறையும் என்று கைக்குத் தெரிய வழியில்லை. கண்ணாடியில் நாலு மேட்டுப் புள்ளி வைக்க என்ன செலவாகிவிடும்? அவர் பழைய எக்ஸ்ரே படத்தில் பிரெய்ல் எழுத்துகளைக் குத்தி, வெட்டி ஒட்டி, அந்தக் குறையைத் தாமே தீர்த்துக்கொண்டார். தயாரித்தவர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போன் கான்ஃபரன்ஸ். ஏழெட்டுப் பேர், எல்லாரும் பார்வையற்றவர்கள். அன்று முதல் ஆள் தருமபுரியிலிருந்து ஒரு ஆசிரியை. கெப்பாசிட்டர் மாற்றப்போன இடத்தில் பேனின் வயர்கள் மூன்றும் கழன்றுவிட்டன. தம்பியை வைத்துப் பேனை இறக்கிக் கட்டில்மேல் வைத்திருக்கிறார். அவரிடம் பேசும் மீட்டர் இருந்தது.

"டீச்சரம்மா, கெப்பாசிட்டர் காலு ரெண்டையும் பிடி போட்ட திருப்புளியால ஒண்ணாத் தொட்டு எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன் அண்ணா."

"சரி. ரெண்டு ரெண்டா வயரப் பிடிச்சு மீட்டர வைங்க. எந்த ஜோடில நம்பரு பெருசு?"

மீட்டர் ஆங்கிலத்தில் எண்களைப் படித்தது. 330, 180, 150.

"330 வந்த ஜோடிய விட்டுட்டா மிஞ்சுறது காமன். அதுல முடிச்சுப் போடாதீங்க. காமனோட 150 காட்டுறது ரன்னிங், ஒரு முடிச்சு. 180 ஸ்டார்ட்டிங், ரெண்டு முடிச்சு."

யாரும் அவசரப்படுத்தவில்லை. கரூர்க்காரர் ஒருவர், மூடியின் ஸ்க்ரூவை வாயில் வைக்காமல் காந்தத்தில் ஒட்டிவைக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துத் தம்பி பேனை மாட்டிவிட்டார் என்று தருமபுரியிலிருந்து குரல் வந்தது. சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டது.

"சுத்துது அண்ணா. ஆனா காத்தே வரல."

"சுத்துற சத்தம் நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"அப்ப தலைகீழாச் சுத்துது. காத்த மேல அடிக்குது. முடிச்சு மாறிப்போச்சு. கரண்ட நிறுத்திட்டு ரன்னிங்கையும் ஸ்டார்ட்டிங்கையும் எடம் மாத்துங்க. கெப்பாசிட்டரத் திரும்பவும் தொட்டு எடுக்கணும், மறந்திராதீங்க."

மறுபடி ஸ்டூல் இழுபடும் சத்தம். தம்பியின் முணுமுணுப்பு. நாங்கள் எல்லாரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பிறகு சுவிட்ச். சில நொடிகள் ஒன்றுமில்லை. அதன்பின் போனில் புஸ்ஸென்று ஒரு இரைச்சல் ஏறி ஏறி வந்தது. டீச்சர் போனைப் பேனுக்கு நேர்கீழே தூக்கிப் பிடித்திருந்தார். காற்று மைக்கில் அடித்தது.

"ரெகுலேட்டரு எத்தனைல இருக்கு?"

"அஞ்சுல அண்ணா."

"மூணுல வைங்க, கேப்போம்."

இரைச்சல் படிப்படியாகத் தணிந்து ஒரே சீராக நின்றது. அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. அடுத்து புதுச்சேரி. உங்க பிளஷ் டேங்க் என்ன செய்யி?"