சாயங்காலச் சர்க்கரை

மார்ச் 3, 2025, திங்கள்
ராத்திரி அம்மாவுக்கு இழுப்பு முற்றி எமர்ஜென்சிக்கு ஓடினோம். நெபுலைசர் வைப்பதற்கு முன் பார்த்த சர்க்கரை 214. அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கும் ரத்தம் எடுத்தார்கள். இன்று காலை முதல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி., ஐந்து நாளைக்கு.

மார்ச் 4, செவ்வாய்
வெறும் வயிற்றில் 104. மாலை நாலரைக்கு 268. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினேன், வலி குறைவு. "யாருக்கும் தெரியாம லட்டு எடுத்திருப்பா" என்றார் பெரியம்மா. அம்மாவின் முகம் வாடிவிட்டது. மதியம் அவர் சாப்பிட்டது கொஞ்சம் ரசம் சாதம், அவரைக்காய்ப் பொரியல். பக்கத்தில் இருந்து பரிமாறியவள் நான்.

மார்ச் 5, புதன்
டாக்டரிடம் கேட்டேன், படித்தும் பார்த்தேன். மூச்சு முட்டும்போது அட்ரினலின் பாய்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் மேல் ஆல்ஃபா-2 ஏற்பிகள் இருக்கின்றன. அட்ரினலின் அவற்றில் ஒட்டியதும் இன்சுலின் வெளியேறுவது குறைகிறது. பக்கத்து ஆல்ஃபா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்ட, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. உயிர் பிழைக்க உடம்பு செய்கிற ஏற்பாடு இது. அந்த 214 இப்படி வந்ததுதான். பயந்த பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதை உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1911-லேயே காட்டியிருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்
மாலை 281. பிரெட்னிசோலோன், நம் உடம்பில் சுரக்கும் கார்ட்டிசாலின் வேலையையே செய்கிறது. கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது. தசைகள் இன்சுலினுக்கு மசிவதில்லை. பீட்டா செல்கள் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். ஆனால் அவற்றின் சுரப்பையும் அதே மருந்து அமுக்குகிறது. பாரத்தை ஏற்றிவிட்டு மாட்டின் காலையும் கட்டுவது போல. காலையில் போடும் மாத்திரையின் வேகம் மதியத்துக்கு மேல் ஏறி, விடிவதற்குள் தணிகிறது. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பீட்டா செல்களுக்கு ஏற்கெனவே தெம்பு குறைவு. "மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்றார் அம்மா. கூடாது, மூச்சுதான் முதலில் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு
வெள்ளியோடு மாத்திரை முடிந்தது. இன்று மாலை 138. எழுதி வைத்த அளவுகளைப் பெரியம்மாவிடம் காட்டி விளக்கினேன். சர்க்கரை ஏறியவரிடம் "என்ன தின்றாய்?" என்று கேட்பதற்கு முன், என்ன மருந்து, என்ன நோவு என்று கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. 'ஸ்டீராய்டு கொடுத்தால் மாலைச் சர்க்கரை ஏறும்' என்று அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.