ஆண் நாயின் வாலிபம்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் விடியற்காலையில் நடந்து பழகியவர்கள், நேற்றுவரை குந்தியே சிறுநீர் கழித்துவந்த ஆண் குட்டியொன்று, ஒரு நாள் தேர்முட்டியோரம் நின்று பின்னங்காலைத் தூக்குவதைக் கண்டிருப்பார்கள். பால்யம் அதற்கு முடிந்துவிட்டது. 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் நடுவே, சிறு ஜாதிகளுக்குச் சற்று முன்னதாகவும் பெரிய ஜாதிகளுக்குப் பின்னதாகவும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தின் வழியே அனுப்பும் ஆக்ஞையை ஏற்று, விரைகள் டெஸ்டோஸ்டிரோனைப் பெருக்கத் தொடங்குகின்றன. எனினும் காலைத் தூக்கும் சுபாவத்தின் வித்து, பிறப்பையொட்டிய நாட்களிலேயே அதன் மூளையில் ஊன்றப்பட்டுவிட்டது என்பதை நினைக்குந்தோறும் இயற்கையின் முன்னேற்பாடு என்னை வியக்க வைக்கிறது.

கார்த்திகையில் நாய்கள் கூட்டமாக அலைவதைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், பழி முழுவதையும் ஆணின்மீதே சுமத்துகிறோம். பருவமடைந்த ஆணுக்கு மாதக்கணக்கு ஏதுமில்லை. மழைக்காலத்தையொட்டித் தெருவின் பெண் நாய்களுக்குப் பருவம் வரும்போது, காற்றில் மிதந்து வரும் அந்த வாசனையே அதைச் சோறும் உறக்கமும் மறந்து திரியச் செய்கிறது.

தில்லைநகரில் நண்பர் ஒருவர் வளர்த்த ராஜபாளையம், எட்டு மாத வயதில், அவர் அழைத்தால் காது கொடுக்காது. எப்போதாவது வரும் நான் சொன்னால் உடனே உட்காரும். நன்றி கெட்ட பிராணி என்று அவர் மனம் நொந்தார். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணுமாக அவர்கள் கவனித்த நாய்கள் அதே எட்டாம் மாதத்தில் வளர்த்தவர் சொல்லை மீறி, அந்நியர் சொல்லுக்கு இணங்கின. ஓராண்டு நிறையும்போது பணிவு திரும்பியது. நண்பரின் நாய்க்கும் அவ்வாறே திரும்பிற்று.

கருத்தடை செய்தால் ஊர்சுற்றல் பெரும்பாலும் தணியும். அச்சத்தால் விளைந்த சீற்றம் அதனால் தணிவதில்லை. பெரிய ஜாதி நாய்க்கு எலும்பு வளர்ச்சி முற்றுப்பெறுமுன் செய்துவிட்டால் கால்கள் அளவுக்கு மேல் நீளக்கூடுமாதலால், தக்க காலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே நிச்சயிக்க வேண்டும்.

பருவத்தின் வேகத்தைத் துர்க்குணமென்று எண்ணி அடிப்பவர்களும், கொள்ளிடக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்புபவர்களும் இருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அன்பர்களே, அந்தச் சில மாதங்கள் பொறுத்திருங்கள்.