பிடியரிசி

எங்கள் வீட்டில் சோற்றுக்கு அரிசி அளப்பது இரண்டு தடவையாக நடக்கும். அம்மா உழக்கால் அளந்து சுளகில் கொட்டி, கல் பொறுக்குவாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்புக்கு மேல் பலகையில் இருக்கும் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவாள். அந்த நேரம் அவள் உதடு மட்டும் அசையும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே." அவ்வளவுதான். விடிகாலை நாலரை மணிக்கு அதற்கு மேல் ஜெபிக்க அவளுக்கு நேரமிருந்ததில்லை. ஏழு மணிக்குப் பட்டாசு ஆலை வேன் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கோயிலுக்கு எடுத்துப் போவாள். மற்ற பெண்களும் கொண்டு வருவார்கள். எல்லா அரிசியும் ஒரே சாக்கில் விழும். பொன்னி, ரேஷன் அரிசி, குருணை எல்லாம் கலந்து கிடக்கும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. தென்தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் பிடியரிசிக் காணிக்கை தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. நம் ஊரில் மட்டுமல்ல, மிசோரமில் 1910இலிருந்து பெண்கள் இதையே 'புஃபாய் தாம்' என்ற பெயரில் செய்து வருகிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். கையில் காசே இல்லாத பெண்கள், தங்கள் அதிகாரத்துக்குள் இருந்த ஒரே இடமான அரிசிப்பானையிலிருந்து ஒரு திருச்சபையை நடத்தியிருக்கிறார்கள்.

காசாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கையின் கதை வேறு. அது கவரில் போகும், பட்டியலில் ஏறும், ஆராதனையில் வாசிக்கப்படும். பிறந்தநாள், திருமணநாள், தேர்வில் தேறியது, வீடு கட்டியது எல்லாவற்றுக்கும் உண்டு. அம்மா தன் வாரக் கூலியிலிருந்து எடுத்து வைத்த பத்து ரூபாயும் அப்பாவின் பெயரைச் சொல்லி, "குடும்பத்தார்" என்று முடித்துத்தான் வாசிக்கப்படும். அவள் விரலில் ஒட்டியிருந்த அலுமினியத் தூள் அந்தக் கவரிலும் ஒட்டியிருக்கும். பெயர் மட்டும் இருக்காது.

சாப்பாட்டு ஜெபமும் அப்படித்தான். அப்பா கண்ணை மூடி ஆகாரத்துக்காக நன்றி சொல்வார். அதை ஆயத்தம் பண்ணின கைகளையும் ஆசீர்வதிக்கும்படி கேட்பார். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி அப்போது அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் கடவுளுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நன்றி சொல்லியிருப்போம். அம்மாவுக்கு ஒரு தடவை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடம் ஒன்றை நினைக்காதீர்கள். கரிசல் பொட்டலில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள்தான். ஒன்று வெடித்தால் மற்றொன்றுக்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஓடுவதற்கு வசதியாக வாசல்களும் உண்டு. பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. தீபாவளி நெருங்கும்போது எல்லாக் கணக்கும் மாறும். ஆர்டர் முடிக்க வேண்டும், பீஸ் ரேட்டில் நாலு காசு கூடப் பார்க்க வேண்டும். அறையில் ஆள் சேரும், மருந்தும் சேரும். அம்மாவுக்குத் திரி வைக்கிற வேலை. எதிர்வீட்டு அத்தைக்கு வெளியே மரத்தடியில் பாக்கெட் போடுகிற வேலை. அம்மா அவளை மதினி என்பாள். இருவரும் ஒரே வேனில் போய், ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள்.

ஒரு புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை காலையில் நான் வயதுக்கு வந்தேன். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. திரி வைக்க ஆள் குறைகிறது என்று அத்தையை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் பெண்கள் முதலில் திசையைப் பார்ப்பார்கள், பிறகு புகையின் நிறத்தை. அம்மா தெருவுக்கு ஓடியது எனக்குத் தெரியும். நான் மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்ததால் பார்க்கவில்லை.

அத்தை ஒன்பது நாள் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். அவள் மகளும் நானும் ஒரே வகுப்பு.

அடுத்த ஞாயிறு கோயிலில் அம்மாவைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஆண்டவர் எப்படி அற்புதமாகத் தப்புவித்தார், மகளின் சரீரத்தையே எப்படி ஒரு கருவியாக்கினார் என்று பெரியவர் ஒருவர் முன்னுரையும் கொடுத்துவிட்டார். என் தீட்டை மூன்று நாள் ஒதுக்கி வைத்தவர்கள், நான்காம் நாள் அதைத் தேவ சித்தம் ஆக்கிவிட்டார்கள். அம்மா எழுந்து நின்றாள். இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரிசையில் அத்தையின் மகள் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் உயிரோடுதான் இருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. சபை அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடியது.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "என் எடத்துல மதினி உக்காந்தா. இதுக்கு நான் என்னன்னு ஸ்தோத்திரம் சொல்ல?"

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் பல வருடம் வேதாகமத்தைப் புரட்டியிருக்கிறேன். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். அந்த 'இல்' உருபைப் பிடித்துக்கொண்டேன். துன்பத்துக்காக அல்ல, துன்பத்தின் நடுவில் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் எல்லாவற்றுக்காகவும் என்றே வருகிறது. இலக்கணத்தால் இதிலிருந்து தப்பிக்க முடியவில்லை. சங்கீதப் புத்தகம்தான் எனக்கு உதவியது. துதிப்பாடல்களின் தொகுப்பு என்று நாம் நினைக்கும் அதில் புலம்பலும் முறையீடும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஏன் கைவிட்டீர், எதுவரைக்கும், ஏன் தூங்குகிறீர் என்று கடவுளை நேருக்கு நேர் கேட்கிறார்கள். கேட்ட வாயால்தான் துதிக்கவும் செய்கிறார்கள். கேட்பதற்கு இடம் கொடுக்காத நன்றியை அந்தப் புத்தகம் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையும் அப்படித்தான். காணிக்கை ஞாயிறுகளில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய கதை. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் இயேசு என்ன பேசிக்கொண்டிருந்தார் என்பதை எனக்கு யாரும் பிரசங்கித்ததில்லை. நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைக் குறித்து எச்சரித்துவிட்டுத்தான் அவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அவர் அந்தப் பெண்ணைப் பாராட்டினாரா, அவளிடம் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைச் சுட்டிக் காட்டினாரா? இரண்டும் இருக்கலாம். நாம் முதலாவதை மட்டும் பிரசங்கிக்கிறோம்.

நன்றி சொல் என்பது நம் பெண்களிடம் பல நேரம் வாயை மூடு என்பதற்கான மரியாதையான சொல். குடிக்காத புருஷன் கிடைத்ததற்கு நன்றி சொல். அடிக்கிறான் என்றால், சோறு போடுகிறானே, நன்றி சொல். பத்தாவதோடு படிப்பு நின்றதா, அதுவரை படிக்க வைத்தார்களே. இதில் கடவுளின் பெயரும் சேர்ந்துவிட்டால் எதிர்த்துப் பேசுவது முறுமுறுப்பு, பாவம் என்றாகிவிடும்.

அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். வெடித்த இடத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அறையில் வழக்கமாக எத்தனை பேர் என்று அவளிடமும் கேட்பார்கள் எனத் தெரிந்ததும் ஆலையிலிருந்து போர்மேன் வீட்டுக்கு வந்தார். வேலை இருக்கிறது, தீபாவளி போனஸ் இருக்கிறது, உயிர் இருக்கிறது, இதற்குமேல் ஒரு பொம்பளைக்கு என்ன வேண்டும் என்றார். அப்பாவும் தலையாட்டினார். கோயிலில் மூத்தவர் ஒருவர், "தப்பவச்ச கர்த்தருக்கு நன்றியா இரும்மா, வம்பு எதுக்கு" என்றார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் ஒவ்வொரு அடுப்பும் அந்த வேலையில்தான் எரிந்தது. ஆலையை மூடினால் எல்லோர் அடுப்பும் அணையும்.

அம்மா போனாள். "நாலு பேர் இருக்க வேண்டிய அறையில எட்டுப் பேர் உக்காந்திருந்தோம். சாயங்காலம் மிச்ச மருந்தத் திருப்பி வைக்கிறதில்ல" என்று சொல்லி, எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டாள். ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. மறுவாரம் வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை.

சிவகாசியை ஒட்டி சாட்சியாபுரம் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே சாட்சி. 1858இல் சிவகாசியில் இறந்துபோன ராக்லண்டைப் போன்ற மிஷனரிகள் நடந்து திரிந்த வட்டாரம் இது. எங்களுக்குச் சாட்சி என்றால் கடவுள் எனக்குச் செய்ததைச் சபை நடுவில் எழுந்து சொல்வது. கோர்ட்டில் சாட்சி என்றால் கண்ணால் கண்டதைச் சொல்வது. அங்கே தன் கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது, பக்கத்தில் விழுந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மா அன்று சொன்னது என் கணக்கில் அவள் வாழ்க்கையின் பெரிய சாட்சி, பெரிய ஸ்தோத்திரமும்கூட. தப்பிய உயிரை அவள் எதற்குப் பயன்படுத்தினாள் என்று பாருங்கள். கோயிலில் அதை யாரும் சாட்சி என்று சொல்லவில்லை.

அதன்பின் வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டினாள். குரோசுக்கு இத்தனை என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் ஒட்டினேன். அந்த வருடம் அரிசி குறைந்தது, பிடி குறையவில்லை. கூடவே இன்னொரு டப்பா வந்தது. ஒரு பிடி கோயில் டப்பாவுக்கு, ஒரு பிடி எதிர்வீட்டு டப்பாவுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அத்தையின் மகளிடம் அதைக் கொடுத்து அனுப்பும் வேலை எனக்கு. முதல் சில வாரங்கள் அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். ஒரு நாள், "டப்பாவ நானே வந்து குடுக்குறேன்னு அத்தைட்ட சொல்லு" என்றாள். வந்தாள். அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். ஸ்தோத்திரம் என்ற சொல் அந்த இடத்தில் யார் வாயிலும் வரவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் விபத்து நடந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த ஞாயிறு யாரோ ஒருத்தி எழுந்து, தான் அன்று வேலைக்குப் போகாத கதையைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயிர் பிழைத்தவளுக்கு யாரிடமாவது நன்றி சொல்லியாக வேண்டும் போலிருக்கும். அந்த நன்றி பக்கத்து இருக்கையில் இருப்பவள் தலையில் மிதித்து ஏறாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

நான் இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். தினசரி காலண்டர், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆகஸ்டு மாதத்திலேயே அடுத்த வருடத்துக்கான ஸ்தோத்திரங்களில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருப்பேன். அவற்றை வெட்டி அடுக்கிக் கட்டுகிற பெண்களுக்கும் எண்ணிக்கைக் கூலிதான். மத்தியானம் அவர்களோடு சாப்பிடுவேன். யாருக்குக் கூலி பிடித்தார்கள், யாருக்கு லீவு கொடுக்கவில்லை என்று அங்கேதான் தெரியவரும். அதை மேலே போய்ச் சொல்லும் வேலையை நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் பிடியரிசி என்னிடம் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. சமையல் என்னுடையது. டப்பாக்கள் இரண்டும் அதே பலகையில் இருக்கின்றன. அத்தையின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவள் பிடி இப்போது தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குப் போகிறது. போன வாரம் சாப்பிட உட்காரும்போது, ஜெபம் முடிந்த கையோடு, இத்தனை வருடம் சோறாக்கிப் போட்டதற்கு நன்றி என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னடி, மீட்டிங்ல பேசுற மாதிரி பேசுற" என்றாள். பிறகு குழம்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "உப்பு கம்மியா இருக்கு" என்றாள்.